ஒரு நாள் மாணவி

போன வாரம் ஒரு மாலை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. மேல் மாடியிலிருந்து செல்வி இறங்கி வந்து ஒரு கையேட்டை என் மடியில் வைத்தாள். வழவழப்பான தாள், நாலு கலர் அச்சு.

"பாருங்கக்கா" என்றாள்.

பார்த்தேன். அட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். அதற்குக் கீழே சிரித்துக்கொண்டு நான்கு பிள்ளைகள். 'எல்லாப் பூக்களும் பூக்கும் தோட்டம்' என்று பர்மிய எழுத்தில் ஒரு வரி. இடது ஓரத்தில், நெற்றியில் பொட்டும் கன்னத்தில் தனக்காப் பூச்சுமாக நிற்கிற பெண் செல்வியின் மகள் நீலா.

படம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல்... அந்தப் படம் எடுத்த அன்று நீலா அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவே இல்லை.

அப்புறம் எப்படி அட்டையில் வந்தாள்?

சொல்கிறேன். ஆனால் பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள். ஏரியாவும் சொல்வதாக இல்லை. யாங்கோனில் இருக்கிறது, எங்கள் தாமுவேயிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அவ்வளவு போதும். கேட்டுவிட்டு யாரும் அங்கே போய் விசாரிக்கவும் வேண்டாம். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி. அது வேலையால் வந்தது. ஓய்வு பெறும் வரை ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் க்ளெய்ம் பிரிவில் இருந்தேன். சரக்கு நனைந்துவிட்டது, பெட்டி உடைந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், அவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேல் மூட்டை நனைந்திருக்கிறதா? அடி மூட்டையையும் காட்டு என்பேன். வேலை போய்விட்டது, புத்தி போகவில்லை. இன்றைக்கும் கடைத்தெருவில் கீரை வாங்கினால் கட்டைப் பிரித்துப் பார்க்கிறேன்.

அப்படிப்பட்டவளிடம் போய் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஊரே புகழ்ந்தால் என்ன ஆகும்?

அது தனியார் பள்ளி இல்லை. முழுசாக அரசுப் பள்ளியும் இல்லை. பாடத்திட்டம் அரசுடையது, நடத்துவது வட்டாரப் பெரியவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கமிட்டி. பணம் நன்கொடையாக வருகிறது, அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து. பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லை. மதியச் சாப்பாடு உண்டு. சேர்க்கைக்குப் பரீட்சை கிடையாது, இனம் மதம் பார்ப்பது கிடையாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் கடைசி வருடப் பொதுப் பரீட்சையில் அந்தப் பள்ளியில் ஃபெயில் என்ற பேச்சே இல்லையாம். வருடா வருடம் எல்லோரும் பாஸ்.

வருகிற பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொள்வது, சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் பாஸ் ஆவது — இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே எப்படி நடக்கும்? எனக்கு அப்போதே உறுத்தியது.

இனி நீலா.

செல்வியின் புருஷன் மலேசியாவில் ஹோட்டல் வேலையில் இருக்கிறார். செல்வி வீட்டிலேயே தைக்கிறாள் — கரண்ட் இருக்கும்போது மோட்டாரில், இல்லாதபோது காலால் மிதித்து. ஒரே பெண் நீலா. வயது பதினாலு. நீலா என்பது பர்மியர்களும் வைக்கிற பெயர்தான். அவர்களுக்கு அது நீலக்கல். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கலாம், வசதியான பெயர். எனக்கு அந்த வசதி இல்லை. நம்மவர்களுக்கு நான் மீனா, வெளியே டோ மீ மீ. வயதில் மூத்த பெண்களுக்கு இங்கே பெயருக்கு முன்னால் 'டோ' போடுவது மரியாதை.

பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் நீலாவின் படிப்பு நின்றுபோனது. திறந்த பிறகும் ஊர் நிலைமை சரியில்லை என்று செல்வி பயந்து அனுப்பவில்லை. அந்த இடைவெளியில் பெண் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டாள், பட்டன் வைக்கக் கற்றுக்கொண்டாள். அல்ஜீப்ரா கற்றுக்கொள்ளவில்லை. மறுபடி பள்ளிக்குப் போனபோது கூடப் படிக்கிறவர்களைவிட ஒரு தலை உயரமாக இருந்தாள்.

போன வருடம் ஜூனில் செல்வி அவளை அந்தப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஏழாம் கிரேடில் சேர்க்க. போனவள் மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள்.

"இடம் இல்லையாம்க்கா."

"பாத்த உடனே சொல்லிட்டாங்களா?"

"இல்ல... ஒரு பக்கம் இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னாங்க. ரெண்டு கணக்கு போடச் சொன்னாங்க. அப்புறந்தான் இடம் இல்லன்னாங்க."

"பரீட்சை கிடையாதுன்னு வாசல்ல எழுதியிருக்கே?"

"அது பரீட்சை இல்லக்கா. பிள்ளையோட பழகிப் பாக்குறதாம். சயாமா சொன்னாங்க."

சயாமா என்றால் டீச்சர். பழகிப் பார்த்த பிறகுதான் இடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும் என்றால் — இடம் பெஞ்சில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. அல்லவா?

நீலா பக்கத்து அரசுப் பள்ளியிலேயே ஏழாம் கிரேட் போனாள். அங்கே ஒரே நெரிசல். டியூஷன் வைத்தால்தான் பாடம் புரியும், டியூஷனுக்கு வழி இல்லை. பெண் மெதுவாக மறுபடி தையல் மெஷின் பக்கம் சாய ஆரம்பித்தாள். செல்விக்கு அதுதான் பயம். "என்ன மாதிரியே ஆயிடுவா போலிருக்குக்கா" என்பாள்.

இந்த ஜனவரியில் ஒருநாள் செல்வி படபடவென்று இறங்கி வந்தாள். கையில் போன்.

"மீனாக்கா, அந்த ஸ்கூல்லேருந்து போன் பண்ணினாங்க."

"இடம் வந்திருச்சா?"

"இல்ல... ஒரு நாளைக்கு மட்டும் நீலாவ அனுப்பச் சொல்றாங்க."

"ஒரு நாளைக்கா?"

"வெளிநாட்டுலேருந்து நன்கொட குடுக்குறவங்க வர்றாங்களாம். நம்ம பிள்ளைங்க ஸ்கூல்ல கம்மியா இருக்காம். சட்டை அவுங்களே தருவாங்களாம். சாப்பாடு உண்டாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சேர்க்கும்போது வேண்டாத பிள்ளை, போட்டோவுக்கு மட்டும் வேண்டுமா? "அனுப்பாதே" என்றேன். "வாடகைக்கு நாற்காலி எடுக்கிற மாதிரி பிள்ளைய எடுக்குறாங்க. நீயும் குடுப்பியா?"

 செல்வி போன் உறையை விரலால் சுரண்டிக்கொண்டே நின்றாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாள் முகத்தைக் காட்டினால் ஜூனில் ஏதாவது ஆகாதா என்ற நப்பாசை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

பின்னாலேயே வந்து படியில் நின்றிருந்த நீலாதான் பேசினாள். "நான் போறேன்."

"எதுக்குடி?"

"உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்."

தடுக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. பள்ளிக்கு போன் போட்டேன். கமிட்டிச் செயலாளர் ஊ தெய்ன் பேசினார். பெண்களுக்கு 'டோ' மாதிரி ஆண்களுக்கு 'ஊ'. தமிழ் வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன், விழாவுக்கு வரலாமா என்று கேட்டேன். மனிதருக்கு ஏக சந்தோஷம். "கட்டாயம் வாருங்கள், டோ மீ மீ. சேலை கட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது" என்றார்.

புரிந்ததா? என்னையும் நாற்காலிக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

இரவல் சட்டை முதல் நாளே வந்துவிட்டது. இடுப்பில் சுற்றுகிற பச்சைத் தமேனும் வெள்ளைச் சட்டையும் இந்த ஊரில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் பொது. இந்தப் பள்ளிக்கு மட்டும் சட்டைப் பையில் ஒரு சூரிய முத்திரை. அளவு பெரிசு. திருப்பிக் கொடுக்க வேண்டிய சட்டை என்பதால் செல்வி வெட்டாமல், பக்கங்களில் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துக் கொடுத்தாள்.

நானும் நீலாவும் பஸ்ஸில் போனோம். கேட்டில் நுழைந்ததுமே புது பெயின்ட் வாசனை. எனக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது — புது பெயின்ட் அடித்த பெட்டியைத்தான் அங்கே முதலில் திறக்கச் சொல்வோம்.

நீலாவை ஒரு சயாமா வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். நான் சுற்றிப் பார்த்தேன். ஹாலில் பெரிய வட்டப் படம் ஒன்று மாட்டியிருந்தது. கேக் மாதிரி துண்டு துண்டாக — பர்மியர், கரென், சீனர், இந்தியர்... பள்ளியில் எந்த இனத்துப் பிள்ளைகள் எவ்வளவு என்று காட்டுகிறதாம். இந்தியர் துண்டு நல்ல அகலம். மஞ்சள் கலர். நான் வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். அவ்வளவு அகலத்துக்கு ஆளைக் காணோம். முன் வரிசையில் மட்டும் நாலைந்து நம்ம முகங்கள், எல்லாமே ஓரளவு பயந்த முகங்கள். அதில் எத்தனை பேர் சட்டைக்குள் ஓட்டுத் தையல் இருந்ததோ, எனக்குத் தெரியாது.

சின்ன வகுப்புகளில் பெஞ்சு நெருக்கம். ஒன்பதாம் கிரேடும் அப்படியே. கடைசி கிரேட் அறைக்கு வந்தேன் — விசாலமாக இருந்தது. பாதி பெஞ்சு காலி. ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

அங்கே நின்றிருந்த சயாமாவிடம் கேட்டேன். "மற்ற பிள்ளைகள் இன்றைக்கு வரவில்லையா?"

"எல்லோரும் வந்திருக்கிறார்களே."

"கீழ் வகுப்புகளில் நிறைய பேர் இருக்கிறார்களே... இங்கே கொஞ்சம்தானே?"

"சிலர் மாறிப் போய்விடுவார்கள்."

"எங்கே?"

சயாமா சின்னப் பெண். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "தனியாகப் பரீட்சை எழுதுவார்கள், டோ மீ மீ. பள்ளி மூலமாக இல்லாமல்" என்றார். உடனேயே, "டீ குடித்தீர்களா?" என்றார்.

அடி மூட்டை அகப்பட்டுவிட்டது. ஃபெயில் ஆகக்கூடிய பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டால் அப்புறம் எல்லோரும் பாஸ்தானே? இதற்கு எதற்கு விழா?

மனசுக்குள் பத்திரிகைப் பத்தியின் முதல் பாராவை எழுதத் தொடங்கிவிட்டேன். நல்ல காரமாக. அந்த மிதப்பிலேயே ஏழாம் கிரேட் வாசலுக்கு வந்தேன்.

வந்து பார்த்தால்... அங்கே உண்மையாகவே பாடம் நடந்துகொண்டிருந்தது.

விருந்தினர் வரத் தாமதம். அந்த நேரத்தை அறிவியல் சயாமா வீணாக்கவில்லை. மேஜையில் மைக்ரோஸ்கோப். வெங்காயத்தின் மெல்லிய தோலை உரித்துக் கண்ணாடியில் வைத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நீலாவின் முறை வந்தது. குனிந்தவள் நிமிரவில்லை. பின்னால் நின்ற பிள்ளை முதுகில் தட்டிய பிறகும் நிமிரவில்லை.

"என்ன தெரிகிறது?" என்றார் சயாமா.

"செங்கல் சுவர் மாதிரி இருக்கு. ஒவ்வொரு செங்கலுக்குள்ளேயும் ஒரு புள்ளி."

"நல்லது. அந்தப் புள்ளிதான் உட்கரு."

நீலா இடத்துக்குப் போகாமல் நின்றாள். "சயாமா, வெங்காயம் அழுகிப் போனா அந்தப் புள்ளி எங்க போகும்?"

வகுப்பு சிரித்தது. சயாமா சிரிக்கவில்லை. "அதைப் பார்க்கலாமே. ஒரு வெங்காயத்தை வைத்துவிட்டு அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார்.

அடுத்த வாரம். இந்தப் பெண் அடுத்த வாரம் இங்கே இருக்க மாட்டாள் என்பது அந்த நேரத்தில் சயாமாவுக்கும் மறந்துவிட்டது. நீலாவுக்கும் மறந்துவிட்டது போலிருந்தது. அந்தப் பெஞ்சில் பிறந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி போய் உட்கார்ந்தாள்.

எனக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.  மோசமான பள்ளிக்கூடம் என்றால் திட்டி எழுதிவிட்டுப் போய்விடலாம். இது நல்ல பள்ளிக்கூடம். உள்ளே இருப்பவர்களுக்கு.

விருந்தினர் வந்தார்கள். மூன்று பேர். இரண்டு பேர் மொழிபெயர்ப்பாளரோடு நேராக கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது ஒரு அம்மா, கட்டையாக வெட்டிய தலைமுடி, பேன்ட் சட்டை. சிங்கப்பூரிலிருந்து வந்தவர். நம்மவர் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. ஏழாம் கிரேடில் நின்றவர் நீலாவின் பொட்டைப் பார்த்தார். நேராக அவளிடம் போய், தமிழில் கேட்டார்.

"என்னம்மா, பேரு என்ன?"

 ஊ தெய்ன் புன்னகையோடு பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆங்கிலமும் 'வெல்கம்', 'தேங்க் யூ' வரைக்கும்தான். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர் — அந்த அம்மா, நீலா, நான்.

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? 'நான் இந்த ஸ்கூல் இல்லைங்க' — ஒரு வரி. ஊ தெய்ன் முன்னாலேயே சொல்லலாம், அவர் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார். நான் நீலாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீலா" என்றாள்.

"எந்த கிளாஸ்?"

"ஜூன் வந்தா எட்டாங் கிரேடு."

"ஸ்கூல் பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க. அந்த மைக்ரோஸ்கோப் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"வீடு பக்கத்துலயா?"

"தாமுவே. பஸ்ஸுல வந்துரலாம்."

அந்த அம்மா அவள் தோளில் கை வைத்தார். விரல் சட்டையின் ஓரத்தில் கொஞ்சம் நின்றது. "சட்டை யாரு தச்சது?"

"அம்மா."

"நல்லாப் படிம்மா. அடுத்த தடவ வந்தா பாக்கலாம்."

சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் நடந்தார். அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிற சாதாரண வார்த்தை. ஊ தெய்ன் பரபரப்பாக நீலா பக்கம் குனிந்தார். பர்மியத்தில் கேட்டார். "என்ன சொன்னார்?"

நீலா எழுந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். பெரியவர்களிடம் பேசும்போது இங்கே பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள்.

"ஜூலை மாசம் திரும்ப வருவாங்களாம். நான் எட்டாங் கிரேடுல எப்படிப் படிக்கிறேன்னு பாப்பாங்களாம். மார்க்கெல்லாம் கேப்பாங்களாம்" என்றாள் — சுத்தமான பர்மியத்தில், கண்ணைக் கூடச் சிமிட்டாமல்.

ஊ தெய்ன் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மனிதர் மட்டும் எங்கோ போய்விட்டார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா சொன்னார், டோ மீ மீ?"

நீங்களே சொல்லுங்கள். என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? எத்தனையோ வருடம் அடுத்தவர் சொல்வதை நம்பாமலேயே சம்பளம் வாங்கியவள் நான். ஒரு சரக்கு முதலாளிக்காகக்கூட நான் இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை. நீலா என்னைப் பார்க்கவில்லை. மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். ஆனால் வாயையும் திறந்தேன். "ஆமாம். ஜூலை என்றுதான் சொன்னார். முதல் வாரமா, கடைசி வாரமா என்று சரியாகக் காதில் விழவில்லை" என்றேன்.

அப்புறம்தான் போட்டோ எடுத்தார்கள். ஊ தெய்னே நீலாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அவள், பக்கத்தில் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்டி அப்படிச் சொன்னே? அந்தம்மா ஜூலைன்னு சொல்லவே இல்லையே."

"அடுத்த தடவன்னு சொன்னாங்கல்ல ஆன்ட்டி? அடுத்த தடவன்னா எப்பன்னு அவரு கேப்பாரு. அதான் நானே சொல்லிட்டேன்."

"மார்க் கேப்பாங்கன்னு?"

"கேக்கணும்ல?" என்றாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, "நீங்க ஏன் ஆமான்னீங்க?" என்றாள்.

நான் டிக்கெட்டைத் தேடுவது போல் பையைத் துழாவினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த அம்மாவிடம் தமிழில் அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஜூன் வந்தால் எட்டு — உண்மை. பஸ்ஸில் வந்துவிடலாம் — உண்மை. பிடித்திருக்கிறது — சத்தியமான உண்மை. பொய்யெல்லாம் பர்மியத்தில்தான். பள்ளிக்கூடம் அவளிடம் எந்தப் பாஷையில் பொய் சொன்னதோ, அதே பாஷையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

காரமாக எழுத நினைத்த பத்தியை நான் எழுதவில்லை. செல்வி வந்து ஒரே வார்த்தையில் கேட்டுக்கொண்டாள். "வேணாங்கக்கா. ஜூன் வரைக்கும்." சரி என்றேன். அந்த வாரம் வேறு எதையோ எழுதி ஒப்பேற்றினேன். மாம்பழ விலையைப் பற்றி என்று நினைக்கிறேன்.

மே மாதக் கடைசியில் போன் வந்தது. எட்டாம் கிரேடில் ஒரு இடம் இருக்கிறது, பெண்ணை அழைத்துக்கொண்டு வாருங்கள். பழகிப் பார்க்கவெல்லாம் இல்லை. செல்வி என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நீலா அழவில்லை. இந்த முறை சட்டை சொந்தம் என்பதால், தானே அளவு பார்த்து வெட்டித் தைத்துக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிறீர்களா?

என் புத்தி அப்படி விடாதே. அந்த இடம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு பிள்ளை 'பழகிப் பார்த்த' பிறகு இடமில்லை என்று திரும்பிப் போயிருக்குமே... அது எந்த வீட்டுப் பிள்ளை? அதன் அம்மா எந்தப் படியில் உட்கார்ந்து அழுதாள்? அந்தப் பிள்ளையிடம் பேர் கேட்க ஒரு சிங்கப்பூர் அம்மா வரவில்லை, ஆமாம் போட ஒரு ஆன்ட்டியும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இன்னும் சில வருடங்களில் நீலா கடைசி கிரேடுக்கு வருவாள். அப்போது அவளையும் 'மாறிப் போய்விட்டாள்' என்று ஜன்னல் ஓரம் அடுக்கிவிட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? முதல் மாதப் பரீட்சையில் அறிவியலில் வகுப்பிலேயே முன்னால் வந்தாள். கணக்கில் தேறவில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. கணக்கில் தேறவில்லை என்றதும் அவளை யாரும் முறைக்கவில்லை. சாயங்காலம் நிறுத்தி வைத்துத் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவளோடு இன்னும் கொஞ்சம் பேர் உட்காருகிறார்களாம். இதற்கு முன்னால் அங்கே அப்படி ஒரு வழக்கமே கிடையாதாம். ஏன்? ஜூலையில் அந்த அம்மா வந்து மார்க் கேட்பாரே.

ஜூலை வந்தது. போனது. அந்த அம்மா வரவில்லை. எப்படி வருவார், அவர் வருவதாகவே சொல்லவில்லையே.

ஊ தெய்ன் எனக்கு போன் செய்தார். குரலில் மரியாதையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அந்த வேறொன்றை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடம் என் குரலில் இருந்தது அது.

"டோ மீ மீ, அந்த அம்மா ஜூலை என்றுதானே சொன்னார்?"

"ஆமாம் ஊ தெய்ன். மழை அதிகமாக இருக்கிறதே... ஃப்ளைட் எல்லாம் சிரமம். மழை நின்றதும் வருவாராக இருக்கும்."

"நிச்சயமாக வருவாரா?"

"சொல்லாமல்கூட வருவார். அப்படிப்பட்டவர் மாதிரிதான் தெரிந்தது."

போனை வைத்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இதுவரை பள்ளிக்கூடத்தை நான் சந்தேகப்பட்டேன். இப்போது பள்ளிக்கூடம் என்னைச் சந்தேகப்படுகிறது. யாரோ ஒருவர் எந்த நேரமும் வந்து பார்க்கக்கூடும் என்ற சந்தேகம் இருக்கும் வரை நீலாவின் பெஞ்சு பத்திரம். அவளோடு உட்காருகிற மற்றப் பிள்ளைகளின் பெஞ்சும்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். கையேட்டை என் மடியில் வைத்த செல்வியிடம், இதைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"எழுதாதீங்கக்கா. தெரிஞ்சா பிள்ளைய வெளிய அனுப்பிருவாங்க."

அதுவும் நியாயம்தான். எழுதினால் இவள் பெண்ணுக்கு ஆபத்து. எழுதாவிட்டால் வருகிற ஜூனிலும் யாரோ சில பிள்ளைகளோடு 'பழகிப் பார்ப்பார்கள்', யாரோ சிலர் 'மாறிப் போவார்கள்'. எந்தத் தட்டில் எதை வைப்பது? 

கணக்கு கிளாஸ் முடிந்து அப்போதுதான் வந்த நீலா பையைக்கூட இறக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க ஆன்ட்டி" என்றாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"அந்த ஸ்கூல்ல தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்ல. எனக்கே படிக்கத் தெரியாது."

வட்டப் படத்தில் அகலமான மஞ்சள் துண்டு போட்டிருக்கிற பள்ளிக்கூடம். எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

"அது சரி... அந்த சிங்கப்பூர் அம்மாவுக்குத் தமிழ் தெரியுமே. அவங்க கண்ணுல பட்டா?"

நீலா யோசித்தாள். பையைத் தோளில் சரியாக இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பட்டா நல்லதுதானே ஆன்ட்டி. நெசமாவே வருவாங்க."

அம்மா, நீங்கள் இதைப் படித்தால் — முன்கூட்டி போன் செய்யாமல் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.